"பள்ளிக்கு வெளியே நடந்தது" என்று சொல்லாதீர்கள்: தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும் முதல்வர்களுக்கும் தாளாளர்களுக்கும்,

வணக்கம்.

"இது பள்ளிக்கூட நேரத்தில் நடக்கவில்லையே. போன் கொண்டுவர இங்கே அனுமதியே கிடையாது. வீட்டில் நீங்கள்தான் கவனித்திருக்க வேண்டும்." வகுப்புப் பிள்ளைகள் வாட்ஸ்ஆப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் தன் பிள்ளையைத் துன்புறுத்துகிறார்கள் என்று புகார் சொல்லப் போகும் பெற்றோர் பலருக்கு உங்கள் அறையில் கிடைக்கும் முதல் பதில் இதுதான். எனக்கும் இதுதான் கிடைத்தது. அந்தப் பதில் ஏன் தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

நான் பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பையனின் அம்மா. அவன் இந்த மடலை முழுக்கப் படித்து, எதை எழுதலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று சொன்ன பிறகே வெளியிடுகிறேன். பள்ளியின் பெயரோ ஊரோ, சம்பந்தப்பட்ட மாணவர்களின் பெயரோ வேண்டவே வேண்டாம் என்றான். அதை ஏற்றுக்கொண்டேன். அவர்களும் பிள்ளைகள்தான்.

ஒன்பதாம் வகுப்பு ஆண்டு விழாவில் என் மகன் கரகம் ஆடினான். ஆறேழு வயதிலிருந்தே கற்றுக்கொண்டது. அந்த ஆட்டத்தில் இடுப்பை வளைத்துத் திரும்பும் சில நொடிகளை மட்டும் வெட்டி, மறுநாளே யாரோ வாட்ஸ்ஆப் ஸ்டிக்கர் செய்துவிட்டார்கள். ஆசிரியர்கள் இல்லாத வகுப்பு குரூப் ஒன்று எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது, உங்கள் பள்ளியிலும் இருக்கும். அதில் இவன் எதைக் கேட்டாலும், நாளைக்கு என்ன வீட்டுப்பாடம் என்று கேட்டால்கூட, பதிலாக அந்த ஸ்டிக்கர்தான் வந்து விழுந்தது. அடுத்து "ஒன்பது" என்ற அந்தப் பழைய வசை. அப்புறம் இவன் பெயரிலும் படத்திலும் ஒரு ஃபேக் ஐடி. அதிலிருந்து வகுப்புப் பையன்களுக்குக் காதல் மெசேஜ்கள். இவன்தான் அனுப்பினான் என்று பாதிப் பேர் நம்பினார்கள்.

கணக்கு வகுப்பில் ஒரு விடை ஒன்பது என்று வந்தாலே வகுப்பு முழுக்கச் சிரிப்பு எழுமாம். கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்த ஆசிரியருக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே தெரியாது. ஐயா, அம்மா, இந்த ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். ஸ்டிக்கர் அனுப்பப்பட்டது ராத்திரி, வீட்டிலிருந்து. அந்தச் சிரிப்பு எழுந்தது உங்கள் வகுப்பறையில், காலை பத்தரை மணிக்கு, உங்கள் ஆசிரியர் முன்னால். போன் வீட்டில் இருந்தது என்பது உண்மை. பார்வையாளர்கள் நாற்பது பேரும் உங்களிடம் இருந்தார்கள்.

எங்கோ இருக்கும் முகம் தெரியாத ஒருவன் திட்டினால் பிளாக் செய்துவிட்டுப் போய்விடலாம். பக்கத்து பெஞ்சில் உட்காருகிறவனை எப்படி பிளாக் செய்வது? பிரேயரிலும் மதியச் சாப்பாட்டிலும் பஸ்ஸிலும் டியூஷனிலும் அவன்தானே இருக்கிறான். முன்பெல்லாம் பள்ளியில் கேலிக்கு ஆளான பிள்ளைக்கு நாலு மணி பெல் அடித்தால் மறுநாள் காலைவரை விடுதலை இருந்தது. இப்போது அது இல்லை. தலையணைக்குக் கீழே வைத்த போன் ஒவ்வொரு முறை அதிரும்போதும் பிள்ளைக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பார்க்காமல் இருந்தால் என்ன பேசுகிறார்களோ என்ற பயம், பார்த்தால் தூக்கம் போய்விடும்.

என் மகன் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. காலையில் வயிற்று வலி என்பான், திங்கள்கிழமைகளில் அதிகம். டாக்டரிடம் காட்டினோம், வயிற்றில் ஒன்றும் இல்லை. சாப்பாட்டு டப்பா பாதி அப்படியே திரும்பி வந்தது. பழைய புகைப்படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தான். பேசும்போது குரலைக் கனமாக்கிப் பேச ஆரம்பித்தான், நடையை மாற்றினான். பதினான்கு வயதுப் பிள்ளை தன் நடையையே கண்காணித்துக்கொண்டு நடந்தான். மார்க் குறைந்தது கடைசியாகத்தான். ஆனால் பள்ளி கவனித்தது அதை மட்டும்தான்.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவீர்கள், பள்ளிக்கு வந்து பேசுவீர்கள், இன்னும் மோசமாகும் என்றான். பதின்ம வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பெரியவர்களிடம் வாய் திறக்காததற்கு இந்தப் பயம்தான் காரணம் என்று எங்களுக்கு உதவிய மனநல ஆலோசகரும் சொன்னார். பெண் பிள்ளைகளுக்கு இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: படிப்பையே நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சம்.

அவன் பயந்தபடியேதான் நடந்தது. நான் புகார் சொன்ன அன்று இரண்டு பக்கத்துப் பையன்களையும் ஒரே அறையில் நிற்க வைத்துக் கை குலுக்கச் சொன்னார்கள். "பசங்கன்னா அப்படித்தான் இருப்பாங்க, நீயும் கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருக்கணும்" என்று அவனிடம் சொல்லப்பட்டது. "இந்த மாதிரி டான்ஸ் இனிமே வேண்டாமே" என்று என்னிடம். அன்று மாலையே குரூப்பிலிருந்து அவனை நீக்கிவிட்டு, இன்ஸ்டாகிராமில் புதிதாக ஒன்று தொடங்கிவிட்டார்கள். தன்னைப் பற்றி என்ன ஓடுகிறது என்றே தெரியாமல் வகுப்பில் உட்கார்ந்திருப்பது முன்பைவிடக் கொடுமையாக இருந்தது என்றான்.

இப்போது அவன் தூங்குகிறான், சாப்பிடுகிறான். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சில மாதங்கள் தொடர்ந்து காட்டினோம். ஆட்டத்துக்கு இன்னும் திரும்பவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். 2019இல் யுனிசெஃப் 30 நாடுகளில் 1,70,000க்கும் மேற்பட்ட இளையோரிடம் கேட்டபோது, மூன்றில் ஒருவர் இணையத்தில் துன்புறுத்தப்பட்டதாகச் சொன்னார்கள். அதன் காரணமாகப் பள்ளிக்குப் போகாமல் இருந்ததாகச் சொன்னவர்கள் ஐந்தில் ஒருவர். பிரிட்டனில் சுவான்சி பல்கலைக்கழகத்தின் ஆன் ஜான் குழுவினர் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இணையத் துன்புறுத்தலுக்கு ஆளான இளையோர் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்ளவும் தற்கொலைக்கு முயலவும் உள்ள வாய்ப்பு மற்றவர்களைவிட இரு மடங்குக்கு மேல் என்று அதில் கண்டார்கள். துன்புறுத்துகிற பிள்ளைகளுக்கும் தற்கொலை எண்ணம் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. இதை நான் முதலில் படித்தபோது நம்ப மனம் வரவில்லை. பிறகு அந்த ஸ்டிக்கர் செய்த பையனின் வீட்டு நிலைமை தெரிந்தபோது புரிந்தது. அதற்கு மேல் அவனைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

சொன்ன பிறகும் பெரியவர்கள் அசையாமல் இருக்கும் நாட்கள்தான் மிகவும் ஆபத்தானவை. 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் என்ன நடந்தது என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒரு பட்டதாரி இளம்பெண்ணின் படத்தை மார்ஃபிங் செய்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள். குடும்பம் போலீஸில் புகார் கொடுத்தது. படம் நீங்குவதற்குள் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். தாமதத்துக்காக மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே பிறகு மன்னிப்புக் கேட்டார். அந்தக் குடும்பம் எதையும் மறைக்கவில்லை, போக வேண்டிய இடத்துக்குத்தான் போனது. அங்கே போன பிறகும் நாட்கள் வீணாயின.

ஒரு பிள்ளை உங்களிடம் வந்து சொல்லும் முதல் நாளில் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். கவுன்சலர் இருக்கிறாரா, ஸ்மார்ட் கிளாஸில் விழிப்புணர்வு வீடியோ போட்டீர்களா என்பதெல்லாம் அப்புறம். அந்தப் பிள்ளையை முதலில் உட்கார வையுங்கள். "நீ சொன்னது நல்லது, இதற்காக உன் போனை யாரும் எடுக்க மாட்டோம்" என்று சொல்லுங்கள். "நீ என்ன செய்தாய்", "நீ ஏன் அந்தப் போட்டோவைப் போட்டாய்" என்ற கேள்விகளை அன்றைக்குக் கேட்காதீர்கள். துன்புறுத்தியவனை அதே அறைக்கு அழைக்காதீர்கள். அவர்களில் ஒருவனுக்குப் பின்னால் வகுப்பே நிற்கிறது, இன்னொருவன் தனியாக நிற்கிறான். அந்த இரண்டு பேரையும் கை குலுக்க வைத்தால் அது சமாதானம் ஆகாது.

எதையும் அழிக்கச் சொல்லாதீர்கள். பதறிப்போய் "முதல்ல டெலீட் பண்ணு" என்பதுதான் நாம் எல்லோரும் செய்வது. ஸ்கிரீன்ஷாட், கணக்கின் பெயர், தேதி, நேரம், இணைப்பு எல்லாம் இருந்தால்தான் பிறகு புகாருக்கு ஆதாரம் இருக்கும். ஆனால் அந்தரங்கப் படமோ, அப்படி மார்ஃபிங் செய்த படமோ என்றால் இன்னும் கவனம் வேண்டும். "எனக்கு அனுப்பு, பார்க்கிறேன்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். உங்கள் போனுக்கும், அதிலிருந்து துணைத் தலைமை ஆசிரியர் போனுக்கும், அதிலிருந்து தாளாளர் போனுக்கும் என்று போனால் அதுவும் பரப்புவதுதான். குழந்தைகளின் பாலியல் படங்களைத் தரவிறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அழிக்காமல், புகாரும் செய்யாமல் வைத்திருப்பதே குற்றமாகலாம் என்ற அளவுக்குச் சட்டம் கடுமையாக இருக்கிறது. படம் பிள்ளையின் போனிலேயே இருக்கட்டும். போலீஸ் பார்த்துக்கொள்ளும்.

அப்படிப்பட்ட படம் என்றால் "வெளியே தெரிந்தால் பள்ளிக்குக் கெட்ட பெயர்" என்று முடிவெடுக்கும் உரிமையும் உங்களுக்கு இல்லை. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். தன் கீழ் இருப்பவர் செய்ததை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு 21ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறை என்கிறது. இந்தச் சட்டம் பையன்களுக்கும் பொருந்தும் என்பதைப் பல பள்ளிகளில் மறந்துவிடுகிறார்கள். மாவட்டந்தோறும் சைபர் குற்றப் பிரிவு இருக்கிறது. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள், அந்தரங்கப் படங்களையும் போலிக் கணக்குகளையும் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சமூக ஊடக நிறுவனங்களுக்குக் கெடு வைத்தன. எங்கள் பையன் பெயரிலிருந்த ஃபேக் ஐடி முறையாகப் புகார் செய்த பிறகு விரைவிலேயே போய்விட்டது. அதை எப்படிச் செய்வது என்று பள்ளியில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால் அவன் அத்தனை வாரங்கள் அதைச் சுமந்திருக்க வேண்டியதில்லை. 18 வயதுக்குட்பட்டவர்களின் அந்தரங்கப் படங்கள் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை 2023 முதல் இருக்கிறது. படத்தை எங்கேயும் ஏற்றாமல், அதன் டிஜிட்டல் ரேகையை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டும் குறியீட்டை மட்டும், பிள்ளையின் போனிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. உங்கள் கணினி ஆசிரியர் ஒரு மதிய வேளையில் இதையெல்லாம் கற்றுக்கொண்டுவிடலாம்.

போலீஸ், சட்டம் என்று நான் எழுதுவதைப் பார்த்து, பிள்ளைகளை ஸ்டேஷனில் நிறுத்தச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். என் மகனுக்கு நடந்ததில் பெரும்பகுதி போலீஸுக்குப் போக வேண்டியதே இல்லை. அது வகுப்பறையில் தீர வேண்டியது. உங்களால் தீர்க்க முடிந்தது.

அந்த ஸ்டிக்கரைச் செய்தவன் ஒருவன். விடாமல் அனுப்பியவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். மீதி முப்பத்தைந்து பேர் சிரிக்கும் எமோஜி போட்டார்கள், அல்லது ஒன்றும் போடாமல் பார்த்தார்கள். அவர்களில் பலருக்கு இது பிடிக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது. சொன்னால் அடுத்த ஸ்டிக்கர் நாம்தான் என்று பயந்திருக்கிறார்கள். டியூஷனில் கூடப் படிக்கும் ஒரு பெண் மட்டும் ஒருநாள் குரூப்பில் "போதும், நிறுத்துங்க" என்று எழுதினாள். அவளையும் கேலி செய்தார்கள். ஆனால் அன்றிரவு அவன் நன்றாகத் தூங்கினான். அதை அவனே என்னிடம் சொன்னான்.

பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சால்மிவாலி என்ற உளவியலாளரும் அவர் குழுவும் 'கீவா' என்ற திட்டத்தை உருவாக்கியது இந்த இடத்திலிருந்துதான். துன்புறுத்துகிறவனைத் திருத்துவது கடினம், அவனுக்குக் கிடைக்கும் கைதட்டலை நிறுத்துவது அதைவிட எளிது என்பது அதன் அடிப்படை. வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளிடம் வேலை செய்கிறார்கள். துன்பப்படும் பிள்ளைக்குத் துணையாக நிற்க, வகுப்பில் மதிப்புள்ள சில பிள்ளைகளை ஆசிரியரே தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறார். இதற்குப் பணம் தேவையில்லை. நம் பிடி ஆசிரியர்களுக்கும் தமிழாசிரியர்களுக்கும் எந்தப் பிள்ளையின் சொல் வகுப்பில் எடுபடும் என்று நன்றாகவே தெரியும். அந்த நாலைந்து பிள்ளைகளைத் தனித்தனியாக அழைத்து, "அவன் கஷ்டப்படுகிறான், நீ என்ன செய்யலாம் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டாலே போதும். பிரேயரில் மைக்கைப் பிடித்து மொத்தமாகத் திட்டுவதில் இது நடக்காது. அப்படித் திட்டினால் யாரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துபோவதுதான் மிச்சம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபப்படாமல் கேளுங்கள். பெற்றோர் வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் பெயரோடு மார்க் பட்டியல் வருகிறது. ஃபீஸ் கட்டாதவர்கள் பட்டியல் வருகிறது. தாமதமாக வந்த பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து எடுத்த போட்டோ வருகிறது. பெரியவர்களாகிய நாம் அதற்குக் கைகூப்பும் எமோஜி போடுகிறோம். வகுப்பில் ஆசிரியர் ஒரு பிள்ளையின் பருமனையோ நிறத்தையோ சாதியைக் குறிப்பாகச் சுட்டியோ ஒரு வார்த்தை சொன்னால், அது அன்று மாலையே பட்டப்பெயராகக் குரூப்பில் ஓடுகிறது. ஒருவரின் அவமானத்தைப் பொதுவில் வைக்கலாம் என்பதைப் பிள்ளைகள் இன்ஸ்டாகிராமில் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

போனை முழுக்கத் தடை செய்துவிட்டால் என்ன என்று சில தலைமை ஆசிரியர்கள் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கத் தடை விதித்திருக்கிறது. அதன் பலனைப் பார்த்துதான் சொல்ல முடியும். ஆனால் வாட்ஸ்ஆப் போன்ற மெசேஜ் செயலிகள் அந்தத் தடையில் இல்லை. நம் பிள்ளைகளின் வகுப்பு குரூப்கள் பெரும்பாலும் இருப்பது அங்கேதான். பள்ளிக்குள் போன் வேண்டாம் என்பதை நான் மனதார ஆதரிக்கிறேன். அதோடு பொறுப்பு முடிந்துவிட்டது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

நிறுவனத் தலைவரின் பொறுப்பு என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1996இல் ஒரு மருத்துவ மாணவர் ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகு, 1997இல் நம் சட்டமன்றம் ராகிங் தடைச் சட்டம் இயற்றியது. உடல் காயத்தை மட்டும் அது பார்க்கவில்லை. மாணவருக்கு அச்சமோ வெட்கமோ சங்கடமோ உண்டாக்கும் செயலும் ராகிங்தான் என்றது. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத நிறுவனத் தலைவர் குற்றத்துக்கு உடந்தையாகக் கருதப்படுவார் என்றது. அதன் பிறகுதான் கல்லூரிகள் விழித்துக்கொண்டன. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அதே அக்கறையைக் கேட்கிறேன். இதற்காக இன்னொரு உயிர் போக வேண்டாம்.

அரசு ஏற்கெனவே செய்து வைத்திருப்பதும் கொஞ்சம் இல்லை. மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு பள்ளிதோறும் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. 'மாணவர் மனசு' பெட்டி வைக்கச் சொல்லியிருக்கிறது. அந்தப் பெட்டி உங்கள் அறை வாசலில் இருந்தால் ஒரு பிள்ளையும் அதில் சீட்டுப் போடாது. நூலகத்துக்குப் பக்கத்தில், கேமரா இல்லாத இடத்துக்கு மாற்றுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவிக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 24 மணி நேரமும் 14416 ஆகிய மூன்று எண்களையும் கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். அங்கேதான் ஒரு பிள்ளை யாரும் பார்க்காமல் ஒரு எண்ணை மனப்பாடம் செய்ய முடியும்.

நான் கேட்பதை எழுத்திலேயே கேட்டுவிடுகிறேன். வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போது ஒரு பக்க அறிக்கை வெளியிடுங்கள். மாணவர்களுக்கு இடையே நடக்கும் இணையத் துன்புறுத்தல், எந்த நேரத்தில் எங்கிருந்து நடந்தாலும், பள்ளியின் பொறுப்பு என்று அதில் இருக்கட்டும். வந்து சொல்லும் பிள்ளையின் போன் பறிக்கப்படாது, பெயர் வெளியே வராது என்று இருக்கட்டும். யாரிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு ஆசிரியர்களின் பெயர் இருக்கட்டும், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். துன்புறுத்திய பிள்ளைக்கு டிசி கொடுத்து அனுப்ப மாட்டோம், அவனோடும் அவன் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசுவோம் என்றும் எழுதுங்கள். டிசி கொடுத்தால் அவன் அடுத்த பள்ளியில் இதையேதான் செய்வான்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலோ பெற்றோர் ஆசிரியர் கழகத்திலோ இதை வைத்தால், என்னைப் போன்ற பெற்றோர் வந்து உட்கார்ந்து உங்களோடு சேர்ந்து அந்த அறிக்கையை எழுதத் தயாராக இருக்கிறோம். சனிக்கிழமை என்றால் எங்களுக்கு வசதி.

நன்றியுடன்,
பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அம்மா